நியூட்ரல் டாக்டர்

எங்கள் பாலைவனத்தில் பயப்பட வேண்டிய பிராணிகள் மூன்று. முதலாவது தேள், பூட்ஸை உதறிவிட்டுக் காலை நுழைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கிலுகிலுப்பைப் பாம்பு. அது மரியாதை தெரிந்த பிராணி, கடிப்பதற்கு முன்னால் வாலை ஆட்டி ஓசை கொடுக்கும், நாம் விலகிப் போய்விடலாம். மூன்றாவதற்குத்தான் இன்றுவரை மருந்து கிடையாது. அதற்கு இரண்டு கால், ஒரு தொப்பி, பெல்ட்டில் மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். நீங்கள் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து, அது ஓடவும் ஆரம்பித்து, அப்படியும் நீங்கள் குடியிருக்கும் டிரெய்லருக்குள் விளக்கு எரியவில்லை என்றால், மணலில் காலடிச் சத்தம்கூடக் கேட்காது, திரும்பிப் பார்த்தால் உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருக்கும்.

இந்த இனத்துக்கு 'விளக்கிவிட்டுக் கொடுப்பவர்' என்று பெயர். நான் வைத்த பெயர்தான். உங்களுக்குத் தேவையான பொருள் அவரிடம் இருக்கும். கொடுக்கவும் கொடுப்பார், பைசா வாங்கமாட்டார், மனசு தங்கம். ஆனால் அந்தப் பொருள் உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது, அது இல்லாமல் நீங்கள் இத்தனை காலம் எப்படி உயிரோடு இருந்தீர்கள், அதைத் தப்பாகப் பயன்படுத்திய ஒரு மனிதருக்கு மொன்டானாவில் என்ன ஆயிற்று என்பதையெல்லாம் நீங்கள் மனதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கொடுப்பார். வாங்கிக்கொண்டீர்களா என்று கேள்வி கேட்டும் பார்ப்பார்.

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அளக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அரைகுறைகளால் ஆபத்தில்லை, இரண்டு எதிர்க்கேள்வி போட்டால் தானாக நழுவிவிடுவார்கள். இவருக்கு விஷயம் முழுசாகத் தெரியும். அதுதான் தொந்தரவு. எங்கள் டிரெய்லர் வரிசைக் கடைசியில் நிஜமான எலெக்ட்ரீஷியன் ஒருவரும் இருக்கிறார். காலமெல்லாம் கம்பி இழுத்தவர். "கரண்ட் வரலையே" என்று யாராவது முனகுவது காதில் விழுந்தால் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஓய்வுபெற்றவர் என்றால் அவர்தான் ஓய்வுபெற்றவர். விளக்கிவிட்டுக் கொடுப்பவர் ஓய்வுபெற்ற பிறகுதான் வேலையையே ஆரம்பிக்கிறார்.

எங்கள் இடமும் இந்த இனம் செழிப்பதற்குத் தோதான இடம். வடக்கே பனி கொட்ட ஆரம்பித்ததும் ஓய்வுபெற்ற நாங்கள் எல்லோரும் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் கோத்துக்கொண்டு அரிசோனாவுக்கு இறங்கிவிடுகிறோம். அரசாங்கப் புறம்போக்கு, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். குழாய் கிடையாது, மின்கம்பம் கிடையாது, கள்ளிச்செடிதான் உண்டு. ஆகவே ஆளுக்கொரு ஜெனரேட்டர். ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் குழப்பம் இருக்கும், குழப்பம் இருக்கும் இடத்தில் அவர் இருப்பார். எங்கள் வரிசையில் அவருக்குப் பெயர் வென்டல் கிராஸ்ஹோல்ம். நாங்கள் டாக்டர் என்போம்.

மின்சார டாக்டர் இல்லை, பல் டாக்டர். மின்னசோட்டாவில் இரண்டு தலைமுறைக்குப் பல் பிடுங்கியவர். இந்தத் தொழிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் மல்லாந்து கிடக்கிறார், வாய் முழுக்கப் பஞ்சு, பாதி நாக்கு மரத்துப்போயிருக்கிறது, எழுந்து ஓடவும் முடியாது. நீங்கள் பேசலாம். காலை முதல் மாலை வரை பேசலாம். "ஆங், ஆங்" என்பதைத் தவிர வேறு பதிலே வராது. இப்படி வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு, உலகத்தில் மற்றவர்களும் வாக்கியங்களை முடிக்க ஆசைப்படுகிறார்கள் என்ற செய்தி எப்படி எட்டியிருக்கும்? அவர் மனைவி மேக்ஸின் அதை எட்டவைக்க முயற்சி செய்து, கைவிட்டு, பின்னல் வேலை கற்றுக்கொண்டுவிட்டாள். எங்கள் வரிசையில் எல்லோர் தலையிலும் அவள் பின்னிய கம்பளிக் குல்லாய் இருக்கும்.

இனி டாக்டரின் விஷயம். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வாயால் கேட்டால் நீங்கள் இரவுச் சாப்பாட்டை மறக்க வேண்டியிருக்கும். மின்சாரம் வருவதற்கு ஒரு கம்பி, வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி. திரும்பிப் போகிற கம்பிக்குத்தான் நியூட்ரல் என்று பெயர். மூன்றாவதாக எர்த் என்று ஒன்று உண்டு. நல்ல நாளில் அதற்கு வேலை கிடையாது. எங்காவது வயர் கிழிந்து டிரெய்லரின் தகர உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால், நீங்கள் கதவில் கை வைப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுபோய்ப் புறப்பட்ட இடத்திலேயே சேர்த்து, பிரேக்கர் என்ற காவல் சுவிட்சை விழவைத்து மின்சாரத்தை நிறுத்துவது அதன் கடமை. அதற்கு நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓர் இடத்தில் கைகோத்திருக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில். இரண்டு இடத்தில் கோத்தால் வம்பு. திரும்புகிற மின்சாரத்தில் பாதி எர்த்தில் வழிதவறிப் போகும், பிரேக்கர் அதையும் கோளாறு என்று எண்ணி விழும். டிரெய்லர் நிறுத்த வாடகைக்கு இடம் விடும், கம்பம் உள்ள பார்க்குகளில் மின்சாரம் புறப்படும் இடத்திலேயே அது நடந்துவிடுகிறது. நாம் கையில் தூக்கி வரும் சின்ன ஜெனரேட்டரில் நடப்பதில்லை. நியூட்ரலும் எர்த்தும் சம்பந்திச் சண்டை போட்டவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. இதற்கு மருந்து ஒரு மொட்டைப் பிளக். அதிலிருந்து வயர் எதுவும் வெளியே போகாது. உள்ளே ஒரு துண்டுக் கம்பி நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருக்கும், அவ்வளவுதான். ஜெனரேட்டரில் சும்மா இருக்கும் இன்னொரு துளையில் அதைச் சொருகினால் காரியம் முடிந்தது.

டாக்டர் அந்த மொட்டைப் பிளக்குகளைத் தன் கையாலேயே செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பார். காரியம் இவ்வளவு எளிது. கையை விடு, எடு, சொருகு. ஆனால் டாக்டரின் கைக்கும் சட்டைப் பைக்கும் நடுவில் அவருடைய வாய் இருந்தது.

லொரேனும் ஹார்லனும் நெப்ராஸ்காவிலிருந்து வந்து சேர்ந்த பகலில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. ஹார்லன் தானியக் கிடங்கில் காலமெல்லாம் கோதுமைத் தூசி தின்றவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு வாழ்கிறவர். குழாயின் மறுமுனையில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் மிஷின். அது கரண்டில் ஓடும். கரண்ட் இல்லாவிட்டால் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். லொரேன் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள், கைகால் சுறுசுறுப்பு. அவர்கள் மருமகன் அக்கறையாக ஒரு காவல் பெட்டி வாங்கித் தந்திருந்தான். அது டிரெய்லருக்கு வரும் மின்சாரத்தை வாசலில் நிறுத்தி, ஒழுங்காக இருந்தால்தான் உள்ளே விடும். லொரேன் ஜெனரேட்டரை ஓட்டினாள். காவல் பெட்டி, நியூட்ரலோடு கைகோக்காத எர்த்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"ஹார்லன், பெட்டி கரண்ட உள்ள விடமாட்டேங்குது" என்றாள் லொரேன்.

"மருமகன் வாங்குன பெட்டி. அவன மாதிரியேதான் இருக்கும்" என்றார் ஹார்லன், உள்ளேயிருந்து, மூச்சை இழுத்து இழுத்து.

டாக்டர் வந்துவிட்டார். இந்த இனத்தின் சடங்குகள் எங்கும் ஒரே மாதிரிதான், ஒருமுறை பார்த்துக்கொண்டால் பிறகு மறக்காது. முதலில் ஆறுதல்.

"இது உங்க தப்பு இல்லம்மா" என்றார்.

லொரேன் அது தன் தப்பு என்று நினைத்திருக்கவேயில்லை. இரண்டாவது சடங்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரை நிறுத்துவது. அது பாதுகாப்புக்காக என்பார்; நிறுத்தாவிட்டால் அவர் பேச்சு கேட்காது. மூன்றாவது, கூடாரம் அடிக்கிற ஒரு முளைக்குச்சியை எடுத்துக்கொண்டு மணலில் குந்தி உட்கார்ந்து படம் போடுவது. அவர் குந்தியதைத் தூரத்திலிருந்து பார்த்த மேக்ஸின், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சூப்பை இறக்கி மூடி வைத்துவிட்டுப் பின்னலை எடுத்தாள். அக்கம்பக்கத்து டிரெய்லர்களிலிருந்து மடக்கு நாற்காலிகள் வந்தன. பாலைவனத்தில் பகலில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

"பாருங்க, இது ஜெனரேட்டர். இது உங்க டிரெய்லர். இந்த ரெண்டு கம்பியும் இங்க ஒண்ணா சேரணும். சேரல. ஏன் சேரல?" என்று கேட்டுவிட்டு லொரேனைப் பார்த்தார்.

"எனக்கெப்படித் தெரியும் டாக்டர்? அவருக்கு மிஷின் ஓடணும். பேட்டரி எறங்கிக்கிட்டே வருது."

"அதுக்குத்தான் வர்றேன்."

அதுதான் இந்த இனத்தின் கூவல். குயிலுக்கு எப்படியோ அப்படி. 'அதுக்குத்தான் வர்றேன்' என்று கேட்டுவிட்டால், அதற்கு வரப்போவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்பதற்குப் போனார். டிரெய்லருக்குள் இருக்கும் போர்டில் அந்த இரண்டையும் ஏன் ஒருபோதும் சேர்க்கக்கூடாது என்பதற்குப் போனார். அப்படிச் சேர்த்துவிட்டு, பிறகு பார்க்கில் கம்பத்தில் மாட்டி, கதவைத் தொட்டுத் துள்ளி விழுந்த மொன்டானாக்காரருக்குப் போனார். மொன்டானாக்காரரின் பல் வரிசை எவ்வளவு மோசம் என்பதற்கும் போய்விட்டு வந்தார்.

எதிர் டிரெய்லரில் இருக்கும் டெல்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. ஐடஹோவில் கூரை வேலை கான்ட்ராக்ட் எடுத்தவர். கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மிகப்பெரிய ஜெனரேட்டர் ஒன்றை இன்னும் விற்காமல் இழுத்துக்கொண்டு அலைகிறவர். அது ஓடினால் முயல்கள் இடம்பெயரும்.

"யோவ் டாக்டர், அந்த மஞ்சள் பிளக்கு உம்ம பையிலதான இருக்கு? எடுத்துக் குடுத்துட்டுப் பேசுமே."

"குடுப்பேன், டெல்பர்ட். ஆனா ஏன்னு தெரியாம மாட்டுனா, எப்ப மாட்டக்கூடாதுன்னும் தெரியாதுல்ல? அது முக்கியம். கடைசியா அதச் சொல்லிட்டுக் குடுக்கறேன்."

இந்தப் பேச்சில் 'முக்கியம்', 'கடைசியா' என்ற இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். முக்கியமானது எதுவோ அது கடைசியில்தான் வரும் என்பது இந்த இனத்தின் இலக்கணம்.

உள்ளே பேட்டரியின் மிச்சத்தைக் காட்டும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து ஒன்றே ஒன்று பாக்கி. லொரேன் உள்ளே போய்ப் பார்த்தாள். ஹார்லனின் முகத்தில் கிண்டல் குறைந்திருந்தது. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. மேஜைமேல், வழிக்கென்று சுட்டு எடுத்து வந்த சோள ரொட்டி. ஒரு பெரிய துண்டை வெட்டி, வெண்ணெய் தடவி, வெளியே எடுத்து வந்தாள்.

"டாக்டர், வாயத் தொறங்க."

பாவம், தொழில் வாசனை. அந்த வார்த்தையைக் கேட்டால் எதிராளியின் வாய் திறக்கும் என்பதை வாழ்நாள் முழுக்கக் கண்டவர். தன்னிடம் ஒருவர் சொன்னதும் தன் வாயும் திறந்துகொண்டது. சோள ரொட்டி முழுசாக உள்ளே போயிற்று. நெப்ராஸ்கா சோள ரொட்டி லேசில் இறங்காது. அவர் விழி பிதுங்க மென்றுகொண்டிருக்கும்போதே லொரேன் அவர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு மஞ்சள் பிளக்கை எடுத்தாள், ஜெனரேட்டரில் சொருகினாள், கயிற்றை இழுத்தாள். காவல் பெட்டியில் பச்சை. உள்ளே ஆக்சிஜன் மிஷின் உஸ்ஸென்று மூச்சு விட, ஹார்லனும் விட்டார்.

நாற்காலிகளில் கைதட்டல். டாக்டர் ஒரு விரலை உயர்த்தி ஏதோ சொல்லப் பார்த்தார். "ம்ம், ம்ம்" என்றுதான் வந்தது. லொரேன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நன்றி டாக்டர், இத எப்பவும் கழட்டவேமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த உயர்ந்த விரலைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு டாக்டர் சும்மா இருந்தார் என்று சொல்லமுடியாது. காலையில் நடக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போவார். லொரேன் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். சாயங்காலம், வாங்கிய ரொட்டித் தட்டைத் திருப்பிக் கொடுப்பதாகப் போவார். தட்டை வாங்கியதும் இல்லை, கொடுப்பதற்கும் இல்லை. லொரேன் ஹார்லன் தூங்குகிறார் என்பாள். ஹார்லன் உள்ளேயிருந்து, "ஆமா, தூங்கறேன்" என்பார். டாக்டர் தொங்கிய தோளோடு திரும்பி வருவார்.

"அந்தம்மாகிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லணும், மேக்ஸின்."

"ஒரே ஒண்ணுன்னு நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கேன், வென்டல்? சூப்பக் குடி."

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. புழுதிக்காற்று அடித்து, லொரேனின் சின்ன ஜெனரேட்டர் மண்ணை விழுங்கி விக்கி நின்றுபோயிற்று. தகரம் கொதிக்கிறது, ஏசி வேண்டும், அதைவிட முக்கியமாக ஹார்லனின் மிஷின் வேண்டும். அவசரத்துக்கென்று அன்றைக்குப் பிறகு வாங்கி வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. நகரத்திலிருந்து வரவேண்டிய மாற்று சிலிண்டர் வந்து சேரவில்லை. பேட்டரியில் பெரும்பகுதியை அதற்குள் குடித்திருந்தது மிஷின். டெல்பர்ட்டுக்கு வாயில்தான் முள், மனசு பஞ்சு. தன் யானை ஜெனரேட்டரை லாரியோடு இழுத்து வந்து லொரேன் வாசலில் நிறுத்தினார்.

"இதுல மாட்டும்மா. ஊருக்கே வெளிச்சம் குடுக்கும்."

லொரேன் டிரெய்லரின் வயரை மாட்டினாள். ஓட்டினார்கள். பெட்டியில் பச்சை வரப்போகிற சமயம், அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. தன் சின்ன ஜெனரேட்டரிலிருந்து மஞ்சள் பிளக்கை உருவி வந்து, பக்தியோடு, பெரிய ஜெனரேட்டரின் பக்கத்துத் துளையில் சொருகினாள். டக். எல்லாம் நின்றது.

டெல்பர்ட் பொத்தானை அழுத்தி மறுபடி உயிர் கொடுத்தார். டக். வயரைக் கழற்றி மாட்டினார். டக். பிரேக்கரைத் திட்டினார், அதைச் செய்த கம்பெனியைத் திட்டினார், மருமகனின் காவல் பெட்டியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு நேராக மாட்டினார். டக். மஞ்சள் பிளக்கை மட்டும் யாரும் தொடவில்லை. அதைத்தானே டாக்டர் கொடுத்தார், அதுதானே அன்றைக்கு உயிர் காத்தது?

மேக்ஸின் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: டாக்டர் அப்போது முகச்சவரம் செய்துகொண்டிருந்தாராம். ஜெனரேட்டர் ஓடும் சத்தம், டக், மறுபடி ஓடும் சத்தம், டக். கத்தியைக் கீழே போட்டாராம். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு டாக்டர் வென்டல் கிராஸ்ஹோல்ம் ஓடி வந்ததை எங்கள் வரிசையே பார்த்தது. அவர் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வழியை மறித்தோம்.

"டாக்டர், சாமி, இப்ப பாடம் வேணாம்" என்று டெல்பர்ட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு..."

"தெரியும், தெரியும். அப்புறமா மணல்ல படம் போட்டுக் காட்டுங்க, எல்லாரும் வந்து ஒக்காந்து கேக்கறோம். அந்த மனுஷனுக்கு அங்க மூச்சு நிக்குது."

"அதுக்குத்தான்..."

அவ்வளவுதான், அந்த வார்த்தையைக் கேட்டதும் நாற்காலிக்காரர்கள் ஒட்டுமொத்தமாக முனகினார்கள். லொரேன் கதவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. உள்ளே ஹார்லனின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது, பேட்டரி விளக்கு எல்லாம் அணைந்திருந்தது. "தயவுசெஞ்சு டாக்டர்" என்றாள், அழாத குறையாக. "ஒங்களக் கையெடுத்துக் கும்பிடறேன், இப்ப பேசாதீங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். வாழ்நாளில் சேர்த்த பேச்செல்லாம் அங்கே, பற்களுக்குப் பின்னால், வரிசையில் நின்றிருக்கும். அவர் குனிந்தார், டெல்பர்ட்டின் கைக்குக் கீழே நுழைந்து, மண்டி போட்டுத் தவழ்ந்து, யானை ஜெனரேட்டரின் பக்கத்திலிருந்து மஞ்சள் பிளக்கை உருவினார். பொத்தானை அழுத்தினார். 

டக் சத்தம் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம், அப்போதும் வரவில்லை. உள்ளே மிஷின் உஸ்ஸென்றது. லொரேன் ஓடிப்போய் ஹார்லனின் மூக்கில் குழாயைச் சரிசெய்து, அவர் மார்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, மெலிசாக. "யாரு அது, நுரையோட? ஷேவிங் நம்ம வீட்டுலயா?"

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்தோம், கள்ளிச்செடியைப் பார்த்தோம். லொரேன் வெளியே வந்தாள்.

"என்ன டாக்டர் அது? அன்னிக்கு அதச் சொருகுனாத்தான வந்தது?"

"சின்னதுல சொருகணும், பெருசுல சொருகக்கூடாது. பெருசுல உள்ளயே சேத்திருக்கான்."

ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவுதானா? இது இத்தனை சின்னதா? மேக்ஸின் பின்னலை மடியில் இறக்கினாள்.

"வென்டல், இத அன்னிக்கே மொதல்ல சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வெரல நீட்டுனேன். வாயில ரொட்டி."

அது உண்மை. ரொட்டியை வைத்த லொரேன் தலையைக் குனிந்தாள். ஆனால் ரொட்டி வைக்கிற அளவுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது யார் என்பதும் உண்மை, அதனால் டாக்டரும் தலையைக் குனிந்தார். கன்னத்து நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காகியிருந்தது. லொரேன் ஒரு ஈரத்துணியை எடுத்து வந்து கொடுத்தாள். அந்த மட்டில் எல்லோரும் நல்லபடியாகக் கலைந்து போயிருக்கலாம். ஹார்லன் சும்மா இருக்கவில்லை.

"டாக்டர், உள்ள வாங்க. ஒக்காருங்க. எனக்குப் போக எடமில்ல, இந்தக் குழா நீளத்துக்குத்தான் போகமுடியும். ஏன் அப்படி, எனக்குச் சொல்லுங்க."

டாக்டரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவரை யாரும் 'ஏன்' என்று கேட்டதில்லை. எல்லா 'ஏன்'களையும் அவரேதான் கேட்டுக்கொண்டிருந்தார். முளைக்குச்சியைத் தேடினார், உள்ளே மணல் இல்லை என்று நினைவு வந்து ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டார். நாங்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தோம்.

அப்புறம் நடந்ததை லொரேன் சொன்னாள். டாக்டர் எர்த்துக்கு வந்து சேர்ந்ததுமே ஹார்லன் கையை உயர்த்தினாராம். "இருங்க. எர்த்துன்னதும் ஞாபகம் வருது. எர்த்து இல்லாத எடத்துல ஒரு பொறி பட்டா கோதுமைத் தூசி எப்படி வெடிக்கும், தெரியுமா ஒங்களுக்கு? தெரியாதா? அட, அதத் தெரிஞ்சுக்காம கரண்டு விஷயம் பேசவே கூடாது. மொதல்ல கிடங்கு எப்படிக் கட்டறாங்கன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தாராம். மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் நுழைந்து பேச்சை மாற்றலாமா? நுரையீரல் கெட்ட மனிதர், எப்படி மாற்றுவது? டாக்டர் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி, "ஆங், ஆங்" என்றுகொண்டிருந்தாராம். பொழுது சாய்ந்தது. மறுநாளும் போனார். போகாமல் என்ன, ஹார்லன் இன்னும் கிடங்கின் கூரைக்கு வரவில்லையே. மேக்ஸின் அந்த வாரம் குல்லாயே பின்னவில்லை. வேளாவேளைக்குச் சூடாகச் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

சரி, நீங்கள் பாலைவனத்துக்கு வரப்போவதில்லை, டிரெய்லர் வாங்கப்போவதில்லை, இந்தப் பிராணியிடம் மாட்டப்போவதும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். நடுவில், பெரிய ஜெனரேட்டரில் ஏன் 'டக்' என்று விழுந்தது என்று உங்களுக்கு எங்களுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது, இல்லையா? 'இரண்டு இடத்தில் கோத்தால் வம்பு' என்று நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தீர்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அதை எடுத்துச் சொன்னால் என்ன என்று ஒரு துறுதுறுப்பு. அவர் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டால் நல்லதுதானே?

அந்தத் துறுதுறுப்பைப் பற்றித்தான் கேட்கிறேன். போன வாரம் உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார், நனைந்துகொண்டே. குடை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கொடுத்தீர்கள், நல்ல மனசு உங்களுக்கு, நான் இல்லையென்று சொல்லவில்லை. எந்தக் கடைக் குடை நிற்கும், எது காற்றுக்கு மடங்கும், இந்த வருஷம் மழை ஏன் இப்படிப் பெய்கிறது என்பதையெல்லாம் சொன்ன பிறகு கொடுத்தீர்கள். நீங்கள் கொடுக்கும்போது மழை விட்டிருந்ததா?